செவ்வங்கிக்குள் இருந்த மனிதர்

மறைக்கல்வி வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலையும் வேளையில், பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் நம்மிடம் வந்து, "கர்தினால் என்றால் கெட்டவர்களா?" என்று கேட்டான். திடுக்கிட்டோம். பின்னர்தான் காரணம் விளங்கிற்று. பள்ளி நூலகத்திலிருந்து அவன் எடுத்துப் படித்திருந்தது அலெக்சாந்தர் தூமாவின் புகழ்பெற்ற வரலாற்றுப் புதினமாகிய 'மூன்று துப்பாக்கி வீரர்கள்' கதையின் சுருக்கம். அக்கதையில் அரசனை ஆட்டிப் படைப்பவர், அரசியைக் கண்ணீர் சிந்த வைப்பவர், ஒற்றர்களை ஏவுபவர் எல்லாம் ஒருவரே. அவர் செவ்வங்கி அணிந்த கர்தினால் ரிஷ்லியூ. நாம் அன்று அச்சிறுவனுக்கு அளித்த பதில் நமக்கே நிறைவு தரவில்லை. வீட்டுக்கு வந்து பழைய நூல்களைப் புரட்டத் தொடங்கினோம். புரட்டப் புரட்ட, பதில் எளிதாவதற்குப் பதிலாகக் கடினமாகிக்கொண்டே போயிற்று.

முதலில் புதினத்தைப் பார்ப்போம். 1844-ஆம் ஆண்டு பாரீஸ் நகர நாளேடு ஒன்றில் தொடர்கதையாக வெளிவந்தது அது. கதை தொடங்குவது 1625 ஏப்ரலில். கதாநாயகன் தார்த்தஞான் என்பவர் வரலாற்றில் வாழ்ந்தவர்தாம். ஆனால் 1625-இல் அவர் வாளேந்தும் வாலிபர் அல்லர், சிறு பிள்ளை. 1673-இல் மாஸ்திரிக்ட் முற்றுகையில் அவர் வீழ்ந்தார். அவர் பெயரால் வேறொருவர் 1700-இல் எழுதி வெளியிட்ட கற்பனை கலந்த 'நினைவுக் குறிப்பு'களிலிருந்தே தூமா தம் கதைக்கு வித்து எடுத்துக்கொண்டார். அரசியின் வைரப் பதக்கங்களைப் பற்றிய கதை அக்காலத்துப் பிரபு ஒருவரின் நினைவுக் குறிப்புகளில் வருகிறது. அதற்குச் சான்று கூறுவார் வேறு எவருமில்லை. இங்கிலாந்தின் பக்கிங்ஹாம் பிரபு 1625-இல் தம் மன்னருக்கு மணமகளை அழைத்துப்போகப் பிரான்சுக்கு வந்ததும், அரசி ஆனிடம் வரம்பு மீறி நடந்துகொண்டதும் உண்மை. அவர் 1628 ஆகஸ்டு 23-இல் போர்ட்ஸ்மவுத் நகரில் குத்திக் கொல்லப்பட்டதும் உண்மை. ஆனால் கொன்ற ஃபெல்ட்டன், சம்பளப் பாக்கியாலும் பதவி உயர்வு மறுக்கப்பட்டதாலும் மனம் கசந்த ஒரு படை அலுவலர். கர்தினால் ஏவிவிட்ட வஞ்சகப் பெண் எவரும் அங்கில்லை. அந்தப் பெண் தூமாவின் படைப்பு.

தூமாவின் மீது பழி சுமத்துவது நம் நோக்கமன்று. கதையை முழுமையாகப் படிப்பவர் அறிவர், இறுதியில் தார்த்தஞானின் ஆற்றலை மதித்து அவருக்குப் பதவி ஆணையை அளிப்பவர் அதே கர்தினால்தான். கதாசிரியரிடம் இருந்த இந்த நடுநிலை, பின்னால் வந்த சுருக்கங்களிலும் திரைப்படங்களிலும் தேய்ந்துபோயிற்று. 1948-இல் ஹாலிவுட்டில் எடுத்த படத்தில், கத்தோலிக்கர் மனம் புண்படுமோ என்றஞ்சி, அவரைக் கர்தினால் என்றே அழைக்காமல் வெறும் முதலமைச்சராக்கிவிட்டார்கள்! வில்லத்தனம் மட்டும் குறையவில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். ஆர்மாண் ழான் தூ ப்ளெஸ்ஸி என்ற இயற்பெயர் கொண்ட ரிஷ்லியூ 1585 செப்டம்பர் 9-இல் பிறந்தார். ஐந்து வயதில் தந்தையை இழந்தார். குடும்பத்துக்குப் பெயர் இருந்தது. கூடவே கடனும் இருந்தது. அரசர் மூன்றாம் ஹென்றி அக்குடும்பத்துக்குக் கொடையாக விட்டுச்சென்ற ஒன்று, லூசோன் மறைமாவட்டத்தின் ஆயர் பதவி. ஆம், அக்காலத்தில் ஆயர் பதவி நிலபுலம்போல் ஒரு குடும்பத்துக்குச் சொத்தாக வாய்ப்பதுண்டு. அதை வெட்கத்தோடுதான் எழுதுகிறோம். அப்பதவி அண்ணன் அல்போன்சுக்கு என்று முடிவாகியிருந்தது. தம்பி ஆர்மாண் குதிரையேற்றமும் வாட்பயிற்சியும் கற்றுப் படைவீரராகத் தயாராகிக்கொண்டிருந்தார். அல்போன்சோ ஆயர் பதவியை உதறிவிட்டுக் கடுந்தவமும் மௌனமும் காக்கும் கர்த்தூசியர் மடத்தில் சேர்ந்துவிட்டார். குடும்பத்தின் வருவாய் கைநழுவாதிருக்கத் தம்பி வாளைக் கீழே வைத்து இறையியலைக் கையில் எடுத்தார். சட்டப்படி வயது போதாமையால் திருத்தந்தையிடம் விலக்குப் பெற்று, 1607-இல் உரோமையில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அப்போது அவருக்கு இருபத்தொரு வயது.

இவ்வாறு பதவிக்கு வந்தவர் அதில் அக்கறையின்றி இருந்திருப்பார் என்றே நாம் எண்ணுவோம். நடந்தது வேறு. அக்காலத்து ஆயர்கள் பலர் அரண்மனையிலேயே காலங்கழித்தபோது, இவர் சதுப்பு நிலம் சூழ்ந்த தம் ஏழை மறைமாவட்டத்துக்குச் சென்று தங்கினார். பங்குகளைப் பார்வையிட்டார். திரெந்து பொதுச்சங்கம் விதித்தபடி குருமடம் ஏற்படுத்தினார். பிரான்சில் இப்பணியில் முந்திக்கொண்ட ஆயர்களுள் அவரும் ஒருவர். பின்னர் அரசியல் சூறாவளியில் சிக்கி 1618-இல் அவிஞ்ஞோனுக்கு நாடு கடத்தப்பட்டபோது, எளிய மக்களுக்கான மறைக்கல்வி நூலொன்றை எழுதினார். அரசியை அழவைத்த சதிகாரராக மட்டும் அவரை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்கும்.

புதினத்தில் வரும் வாட்சண்டைகளைப் பற்றியும் ஒரு சொல். துப்பாக்கி வீரர்கள் கர்தினாலின் காவலரோடு மோதும் பக்கங்களில் வாசகரின் கைதட்டல் முழுவதும் வீரர்களுக்கே. தனிச்சண்டையைத் தடைசெய்யும் கர்தினால் அங்கே இளமையின் பகைவர். உண்மையில் 1619-இல் அவருடைய மூத்த அண்ணன் ஹென்றி அத்தகைய தனிச்சண்டை ஒன்றில்தான் மடிந்தார். மானம் காப்பது என்ற பெயரில் ஆண்டுதோறும் பிரபுக்குலத்து இளைஞர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு மாண்ட காலம் அது. 1626-இல் தடையாணை கடுமையாக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பூத்வீல் பிரபு வேண்டுமென்றே பாரீசின் அரச சதுக்கத்தில், பட்டப்பகலில், சண்டையிட்டுக் காட்டினார். நாட்டின் மிக உயர்ந்த குலத்தவர் அவர். மன்றாட்டுகள் குவிந்தன. எனினும் 1627 ஜூனில் அவர் தலை வெட்டப்பட்டது. திருச்சபையும் தனிச்சண்டையைக் கண்டித்தே வந்துள்ளது. இதில் நம் மனச்சாட்சி கதாநாயகர்களின் பக்கம் நிற்க இயலாது.

ஆனால் லா ரோஷல் நகரைப் பற்றி எழுதும்போது நம் கை தயங்குகிறது.

1624-இல் அரசர் பதின்மூன்றாம் லூயியின் முதன்மை அமைச்சரான ரிஷ்லியூ, சீர்திருத்தச் சபையினரின் அரணாக விளங்கிய அத்துறைமுக நகரை 1627 செப்டம்பரில் முற்றுகையிடச் செய்தார். ஆங்கிலக் கடற்படை உதவிக்கு வராதபடி, கடலின் குறுக்கே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்லாலும் மூழ்கடிக்கப்பட்ட கப்பல்களாலும் அணை எழுப்பினார்கள். கர்தினால் போர்க்கவசம் தரித்துப் பணியை மேற்பார்வையிட்டார். புதினத்தில் இம்முற்றுகை ஒரு வேடிக்கை. நான்கு நண்பர்களும் பகைவரின் கொத்தளம் ஒன்றுக்குள் புகுந்து, பந்தயத்துக்காகக் காலை உணவு உண்கிறார்கள். படிக்கும்போது நாமும் சிரித்தோம். அதே நாள்களில் மதிலுக்குள் இருந்தவர்கள் தோலை வேகவைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். உணவு தீர்ந்தபோது நகரத்தார் முதியோரையும் பெண்களையும் குழந்தைகளையும் வெளியே அனுப்பினர். அரசப் படை அவர்களுக்கு வழிவிடவில்லை. நகரமும் திரும்பச் சேர்க்கவில்லை. இரு தரப்புக்கும் இடைப்பட்ட வெற்று நிலத்தில் கிடந்தே அவர்களில் பலர் இறந்தனர். 1628 அக்டோபர் 28-இல் நகரம் பணிந்தது. முற்றுகைக்கு முன் சுமார் இருபத்தேழாயிரம் பேர் வாழ்ந்த நகரில், எஞ்சியவர்கள் ஐயாயிரம் பேர் அளவே. அனைத்துப் புனிதர் பெருவிழாவன்று அந்நகரில் திருப்பலி நிறைவேற்றியவர் ரிஷ்லியூவே. அந்தப் பலிபீடத்தின் முன் நின்றவரின் உள்ளத்தில் என்ன ஓடியிருக்கும்?

அதன் பின்னர் அவர் செய்தது மீண்டும் நம் கணக்கைக் கலைக்கிறது. வென்றவர்கள் வழக்கமாகச் செய்வதை அவர் செய்யவில்லை. 1629-இல் ஆலே நகரில் வகுத்த உடன்பாட்டின்படி, சீர்திருத்தச் சபையினர் தங்கள் கோட்டைகளையும் படைகளையும் இழந்தனர். ஆனால் 1598-ஆம் ஆண்டின் நாந்து ஆணை வழங்கிய வழிபாட்டு உரிமை அப்படியே நீடித்தது. வாளால் மனச்சாட்சியை மாற்ற முடியாது என்று அவர் கண்டிருக்க வேண்டும். அவ்வுரிமையைப் பறித்தவர் 1685-இல் பதினான்காம் லூயி. கதைகளில் அவர் 'கதிரவ அரசர்' என்று மின்னுகிறார், கர்தினாலோ வில்லனாக நிற்கிறார். புகழின் தராசு அப்படித்தான் ஆடுகிறது.

இனி நாம் சொல்லப்போவது புதினத்தில் இல்லாத பகுதி. நமக்கோ இதுவே நெஞ்சைத் தொட்டது.

நம் பங்குகளில் புனித வின்சென்ட் தே பவுல் சபையை அறியாதார் இல்லை. அப்புனிதரோடு சேர்ந்து 1633-இல் பிறரன்புப் புதல்வியர் சபையை நிறுவிய புனித லூயிஸ் தே மரியாக் அம்மையாரையும் அறிவோம். அந்த அம்மையாரின் குடும்பத்துப் பெரியவரான மிஷேல் தே மரியாக், அரச முத்திரையின் காவலராக, அமைச்சரவையில் ரிஷ்லியூவுக்கு அடுத்த நிலையில் இருந்தவர். இறைப்பற்று மிக்கவர். தாமஸ் அ கெம்பிசின் பெயரால் வழங்கும் 'கிறிஸ்துவைப் பின்பற்றுதல்' நூலைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்தவர். அவருடைய கருத்து தெளிவானது: மக்கள் வரிச்சுமையால் நசுங்குகிறார்கள், கத்தோலிக்க நாடாகிய ஸ்பெயினோடு போர் வேண்டாம், சமாதானம் செய்து ஏழைகளின் சுமையை இறக்குவோம். ரிஷ்லியூவின் கருத்தும் தெளிவானதே. ஸ்பெயினை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் ஆட்சி பிரான்சை நாற்புறமும் சூழ்ந்திருக்கிறது. அவ்வளையத்தை உடைக்காவிட்டால் நாடு நிலைக்காது. மக்களின் துயர் துடைக்கும் வேலை காத்திருக்கலாம். இருவரும் நாள்தோறும் செபித்தவர்கள். அரசர் எவர் பக்கம் சாய்வார் என்று எவருக்கும் தெரியவில்லை.

1630 நவம்பரில், அரச அன்னை மரியா தே மெதிச்சி ரிஷ்லியூவைப் பதவியிலிருந்து விலக்கும்படி மகனிடம் கதறினார். கர்தினாலின் கதை முடிந்தது என்று அரண்மனை முழுவதும் நம்பிற்று. வாழ்த்துக் கூற மரியாக்கைச் சூழ்ந்தார்கள். அன்றிரவே அரசர் ரிஷ்லியூவை அழைத்து, அவர் பணியில் நீடிக்கும்படி பணித்தார். 'ஏமாந்தோர் நாள்' என்று வரலாறு அதற்குப் பெயரிட்டுச் சிரிக்கிறது. மிஷேல் தே மரியாக் சிறைப்பட்டு 1632-இல் காவலிலேயே இறந்தார். அவர் சகோதரரான படைத்தலைவர் லூயி தே மரியாக்குக்கு நிதிக் கையாடல் குற்றம் சாட்டி, தேர்ந்தெடுத்த நீதிபதிகளைக் கொண்டு விசாரித்து, அதே ஆண்டு மே 10-இல் பாரீஸ் சதுக்கத்தில் தலையை வெட்டினார்கள். வீடற்றோருக்கும் நோயுற்றோருக்கும் அன்னமிட்டுக்கொண்டிருந்த லூயிஸ் அம்மையார் அந்நாளை எவ்வாறு கழித்தாரோ! அவர் தம் பணியை நிறுத்தவில்லை என்பது மட்டும் உறுதி. அடுத்த ஆண்டுதான் அவர் சபை பிறந்தது.

சமாதானக் கட்சி வீழ்ந்தபின் போர் விரிந்தது. 1631 சனவரியில் லுத்தரன் சபையைச் சார்ந்த சுவீடன் மன்னர் குஸ்தாவுஸ் அடோல்புசுடன் ரிஷ்லியூ ஒப்பந்தம் செய்தார். கத்தோலிக்கப் பேரரசரை எதிர்த்துப் போரிட ஆண்டுக்குப் பத்து இலட்சம் லீவர் பணம். 1635-இல் ஸ்பெயினின் மீது பிரான்ஸ் நேரடியாகவே போர் தொடுத்தது. வரிகள் பன்மடங்காயின. 1639-இல் நார்மண்டி மக்கள் 'வெறுங்காலர்' என்ற பெயரோடு கிளர்ந்தெழுந்தனர். படையை அனுப்பி அடக்கினார்கள். லொரேன் நாட்டில் போரும் பஞ்சமும் கொள்ளைநோயும் ஒருங்கே புகுந்தன. அங்கே உதவி கொண்டுசென்றவர் வின்சென்ட் தே பவுல். அவருடைய சபைச் சகோதரர் மத்தேயு ரெஞ்ஞார், பிச்சைக்காரரின் கந்தைப் பையில் பொற்காசுகளை மறைத்து, கொள்ளையர் நிறைந்த சாலைகளில் ஐம்பது முறைக்கும் மேல் சென்று திரும்பினார். ஒருமுறையும் பறிகொடுக்கவில்லை. வின்சென்ட் அடிகளாரே கர்தினாலிடம் சென்று, எங்களுக்குச் சமாதானம் தாருங்கள் என்று மன்றாடியதாக அவருடைய முதல் வாழ்க்கை வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். சமாதானம் தம் ஒருவர் கையில் இல்லை என்பதே கிடைத்த மறுமொழி. அது முழுப் பொய்யன்று, முழு உண்மையுமன்று.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. வின்சென்ட் அடிகளாரின் அறப்பணிகளுக்கு அள்ளி வழங்கிய செல்வச் சீமாட்டிகளுள் முதன்மையானவர் ஏகுயோன் கோமகள். அவர் ரிஷ்லியூவின் உடன்பிறந்தாள் மகள். அவர் கொடுத்த பணம் பெரும்பாலும் மாமன் சேர்த்த பணம். ஒரு கை போருக்கு வரி வாங்கிற்று. அதே வீட்டின் மற்றொரு கை போரில் நொந்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தது.

ரிஷ்லியூவின் நிழலாக விளங்கியவர் கப்புச்சின் துறவி ஜோசப் அடிகள். கர்தினாலின் செந்நிறத்துக்கு எதிராக இவருடைய அங்கியின் சாம்பல் நிறத்தைச் சுட்டி, 'சாம்பல் நிற மேன்மையர்' என்று மக்கள் அழைத்தனர். திரைமறைவில் ஆலோசனை கூறுவோரைக் குறிக்க ஐரோப்பிய மொழிகளில் இன்றும் வழங்கும் சொல் அது. ஆழ்ந்த தியானி, கல்வாரி அன்னையின் பெயரால் பெண் துறவியர் சபையொன்று தோன்றத் துணைநின்றவர். கரடுமுரடான சாலைகளில் வெறுங்காலுடன் நடந்தவர். அதே மனிதர் அரசியல் தூதுகளில் பேரரசரின் அமைச்சர்களைத் திணறடித்தார். கீழை நாடுகளுக்குப் பிரெஞ்சுக் கப்புச்சின் துறவியரை மறைபரப்பாளராக அனுப்பும் பெருந்திட்டத்தை வகுத்தவரும் அவரே. சிரியா, மெசொபொத்தாமியா என்று விரிந்த அந்த மறைப்பணியிலிருந்து புறப்பட்டு, பெகுவுக்குப் போகும் வழியில் 1642-இல் நம் சென்னைக் கடற்கரையில் இறங்கியவர்தாம் எஃபிரேம் தே நெவேர் அடிகள். புதிதாக எழும்பிக்கொண்டிருந்த புனித ஜார்ஜ் கோட்டையின் ஆங்கிலேயர், அங்கிருந்த கத்தோலிக்கருக்காக அவரை நிறுத்திக்கொண்டனர். சென்னையின் கப்புச்சின் பணித்தளம் அப்படித்தான் உருவாயிற்று. அரசியல் சதுரங்கத்தில் மூழ்கிய ஒரு துறவியின் செபமேசையில் வரைந்த திட்டத்தின் நுனி, எங்கோ சுற்றி நம் மணலையும் தொட்டிருக்கிறது. இதைப் படித்தபோது நாம் நூலை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தோம்.

அதே 1642-ஆம் ஆண்டு டிசம்பர் 4-இல் ரிஷ்லியூ பாரீசில் இறந்தார். இறுதி அருட்சாதனங்களை அளித்த பங்குக்குரு, பகைவரை மன்னிக்கிறீர்களா என்று கேட்டபோது, அரசின் பகைவரைத் தவிர எனக்குப் பகைவர் எவருமிலர் என்று அவர் விடையளித்ததாகச் சொல்வர். அவரைப் புகழ்வோரும் இகழ்வோரும் அந்த ஒரே வாக்கியத்தைத்தான் எடுத்துக்காட்டுகின்றனர். நாம் அதை மீண்டும் மீண்டும் படித்தோம். அவர் பொய் சொல்லவில்லை என்றே நம்புகிறோம். பொய்யாக இருந்திருந்தால் நமக்கு இத்துணை அச்சம் தோன்றியிராது. மரியாக் சகோதரர்கள் அவருக்குத் தனிப்பட்ட முறையில் பகைவர் அல்லர், அரசின் பகைவர். லா ரோஷலின் வெற்று நிலத்தில் கிடந்த கிழவிகளும் அப்படித்தான். அரசு என்ற சொல்லுக்குள் தம் மனச்சாட்சியை வைத்துப் பூட்டியவர், சாகும் தறுவாயிலும் அப்பூட்டைத் திறக்கத் தேவை காணவில்லை. புதினத்தின் வில்லனுக்குத் தான் செய்வது தீமை என்று தெரியும். இவருக்குத் தெரியவில்லை.

அவரை சோர்போன் ஆலயத்தில் அடக்கம் செய்தனர். 1694-இல் ஜிரார்தோன் என்ற சிற்பி செதுக்கிய பளிங்குக் கல்லறை இன்றும் அங்கே காண்போரை நிறுத்திவைக்கிறது. புரட்சிக் காலத்தில் கூட்டமொன்று கல்லறையைத் திறந்து அவர் தலையை எடுத்துச் சென்றது. கை மாறிக் கை மாறி, 1866-இல் தான் அது மீண்டும் உரிய இடம் சேர்ந்தது.

கர்த்தூசியர் மடத்துக்குப் போன அண்ணன் அல்போன்ஸ் என்ன ஆனார் என்று வாசகர் கேட்கலாம். தம்பி அமைச்சரானதும், அவரை மௌனத்திலிருந்து வெளியே இழுத்து 1626-இல் பேராயராக்கினார்கள்; பின்னர் லியோன் நகரின் பேராயராகவும் கர்தினாலாகவும் உயர்த்தினார்கள். அவர் இவற்றை விரும்பி ஏற்றதாகத் தெரியவில்லை. லியோனில் கொள்ளைநோய் பரவியபோது நகரை விட்டு ஓடாமல் நோயாளிகளோடு தங்கினார். 1653-இல் இறக்கும்போது, ஏழைகளோடு ஏழையாகத் தம்மைப் புதைக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். அந்நகரின் ஏழைகள் விடுதி ஆலயத்தில், அவர் விரும்பியபடியே, அடக்கம் செய்தனர்.

அடுத்த ஞாயிறு அச்சிறுவனைக் கண்டபோது, இரண்டு கர்தினால்களின் கதையையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டான். பின்னர், "தம்பி அண்ணனைப் பார்க்கப் போவாரா?" என்று கேட்டான்.